கழித்துப்போட்ட ரேக் சர்வரில் லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிறுவனங்கள் ஐந்தாறு வருஷம் ஓட்டிவிட்டு விற்றுத் தள்ளும் டெல் பவர்எட்ஜ், ஹெச்பி ப்ரோலையன்ட், சூப்பர்மைக்ரோ பெட்டிகளில் ஓப்பன் சோர்ஸ் இயங்குதளம் போட நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. இன்டெல், ஏஎம்டி சர்வர்களைப் பற்றி மட்டும்தான் இங்கே பேச்சு. ஐபிஎம் மெயின்ஃபிரேம், பவர், ஸ்பார்க் எல்லாம் வேறு உலகம்.

பத்து வருஷப் பழைய சர்வர் மலிவாகக் கிடைக்கிறது. லினக்ஸ் ஓடுமா?

ஓடும். உலகின் வேகமான 500 கணினிகளைப் பட்டியலிடும் டாப்500-இல் 2017 நவம்பரிலிருந்து ஐந்நூறிலும் லினக்ஸ்தான். நெட்ஃபிளிக்ஸ் நமக்குப் படம் அனுப்பும் சர்வர்களில் ஃப்ரீபிஎஸ்டி ஓடுகிறது. ஒரே பெட்டியிலிருந்து வினாடிக்கு 400 கிகாபிட் அனுப்பியதை அதன் பொறியாளர்கள் 2021-இல் காட்டினார்கள், அடுத்த வருஷம் 800-ஐத் தொட்டார்கள். திறமையைப் பற்றிச் சந்தேகம் வேண்டாம்.

கேட்க வேண்டியது இதைத்தான்: உள்ளே இருக்கும் ரெய்டு கார்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டுவது) எது, நெட்வொர்க் கார்டு எது, மேலாண்மைச் சிப்பின் ஃபர்ம்வேர் (சிப்புக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) எவ்வளவு பழசு? ப்ராசஸரும் மெமரியும் தொல்லை தருவது குறைவு. காலை வாருவது இந்த மூன்றும்தான்.

ஆபீஸ் டெஸ்க்டாப்பிலிருந்து இது எங்கே வேறுபடுகிறது?

ப்ராசஸர் புரிந்துகொள்ளும் கட்டளைகள் ஒன்றேதான், அதனால் அதே ஐஎஸ்ஓ-வைத்தான் (இன்ஸ்டால் செய்ய இறக்கும் ஃபைல்) இதிலும் போடுவீர்கள். மாறுவது சுற்றியிருப்பவை. மெமரி ஈசிசி வகை: ஒரு பிட் பிசகினால் தானே திருத்தும், இரண்டு பிட் பிசகினால் சொல்லிவிடும். பெரும்பாலும் ரெஜிஸ்டர்டு மெமரி என்பதால் டெஸ்க்டாப் போர்டில் ஏறாது, சாதாரண மெமரியோடு கலக்கவும் முடியாது. இரண்டு பவர் சப்ளை, ஓடும்போதே கழற்றி மாட்டும் டிஸ்க்குகள், தூரத்திலிருந்தே ஆன் செய்யும் வசதி ஆகியவை கூடுதல்.

பவர் பட்டனை அழுத்தி நாலைந்து நிமிஷம் திரையில் ஒன்றும் வராவிட்டால் பதறாதீர்கள். மெமரி நிறைய இருந்தால் அதைச் சோதித்து முடிக்கவே அவ்வளவு நேரம் ஆகும்.

காசு கொடுக்கும் முன் கடையிலேயே எதைச் சோதிப்பது?

டெபியன் லைவ் யுஎஸ்பி ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். பூட் ஆனதும் எல்எஸ்பிசிஐ கட்டளையை இரட்டை என் சேர்த்து ஓட்டினால், ஒவ்வொரு கார்டுக்கும் பக்கத்தில் 1000:0072 என்பதுபோல் ஓர் எண் ஜோடி வரும். முதல் பாதி சிப் தயாரிப்பாளர், இரண்டாம் பாதி மாடல். ஸ்டிக்கரில் உள்ள பெயரை மறந்துவிட்டு இந்த எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். டிரைவர் பார்ப்பது இதைத்தான். டெல் பெர்க் என்று விற்கும் கார்டுகளுக்குள் இருப்பது எல்எஸ்ஐ சிப். அந்த நிறுவனம் பிறகு அவகோ ஆகி, இப்போது பிராட்காமுக்குள் இருக்கிறது.

அடுத்து, மேலாண்மைச் சிப்போடு பேசும் ஐபிஎம்ஐ-டூல் என்ற கட்டளை வழியாக சர்வரின் நிகழ்வுப் பதிவைப் படியுங்கள். எந்த மெமரி ஸ்லாட் எத்தனை முறை பிழை விட்டது, எந்த பவர் சப்ளை எப்போது செத்தது என்று எல்லாம் அதில் இருக்கும். பதிவு துடைத்து வைத்ததுபோல் காலியாக இருந்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

டிஸ்க் ட்ரேக்களை எண்ணிப் பார்க்க மறக்காதீர்கள். சர்வரை மலிவாகக் கொடுத்துவிட்டு ட்ரேக்கும் ரெயிலுக்கும் தனி விலை சொல்வது சந்தை வழக்கம்.

ரெய்டு கார்டை அப்படியே வைத்துக்கொள்வதா, அல்லது இசட்எஃப்எஸ் போடுவதா?

அதிகம் பேர் தடுமாறும் இடம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

ரெய்டு கார்டு டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டி, இயங்குதளத்துக்கு ஒரே பெரிய டிஸ்க் என்று காட்டும். டிஸ்க்குகளையும் தானே நிர்வகிக்கும் ஃபைல்சிஸ்டமான இசட்எஃப்எஸ் கேட்பது இதற்கு நேர் எதிர்: ஒவ்வொரு டிஸ்க்கையும் அது நேரடியாகப் பார்க்க வேண்டும், எழுதியது உண்மையிலேயே எழுதப்பட்டதா என்று தெரிய வேண்டும், பிழை வந்தால் இன்னொரு பிரதியிலிருந்து தானே சரிசெய்ய வேண்டும். நடுவில் தன் கேஷோடும் தன் கணக்கோடும் ஒரு கார்டு உட்கார்ந்தால் இந்த வேலை நடக்காது.

அதனால் சிலர் ஒரு குறுக்கு வழி எடுக்கிறார்கள். ஒவ்வொரு டிஸ்க்கையும் தனித்தனி ரெய்டு-0 ஆக்கி, அதன்மேல் இசட்எஃப்எஸ் போடுகிறார்கள். ஓடும், வேகமாகவும் ஓடும். ஒரு டிஸ்க் செத்த அன்றுதான் விலை தெரியும். புது டிஸ்க்கைச் செருகினால் மட்டும் போதாது, கார்டின் மெனுவுக்குள் போய் அதற்கும் ஒரு ரெய்டு-0 உருவாக்க வேண்டும். டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் விவரமும் நேரடியாகக் கிடைக்காது. கார்டே செத்தால் அதே குடும்பத்துக் கார்டைத் தேடி அலைய வேண்டும். இந்த வழியைப் பரிந்துரைக்க மாட்டேன்.

சரியான வழி ஹெச்பிஏ, அதாவது டிஸ்க்குகளை உள்ளபடி கடத்திவிடும் கார்டு. எல்எஸ்ஐ 9211-8ஐ, 9207-8ஐ, 9300-8ஐ மூன்றும் இந்த வட்டாரத்தில் பழகிய பெயர்கள். லினக்ஸிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் டிரைவர் கர்னலோடே வருகிறது. டெல்லின் ஹெச்310 கார்டில் ஃபர்ம்வேரை மாற்றி, டிஸ்க்குகளை அப்படியே கடத்தும் ஐடி மோடுக்குக் கொண்டுபோகலாம். மாற்றாமல் விட்டால் அதன் வரிசையில் ஒரே நேரத்தில் 25 கட்டளைகள்தான் நிற்கும், பல வேலைகள் சேர்ந்து வரும்போது மூச்சு வாங்கும். அடுத்த தலைமுறை ஹெச்730-இல் ஹெச்பிஏ மோடு மெனுவிலேயே இருக்கிறது. ஹெச்பி ஜென்8-இன் பி420ஐ கார்டையும் ஹெச்பிஏ மோடுக்கு மாற்றலாம், ஆனால் அதன்பின் அந்தக் கார்டிலிருந்து பூட் ஆகாது. பூட்டுக்கு வேறு டிஸ்க் தேட வேண்டும்.

இசட்எஃப்எஸ் வேண்டாம், எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் போன்ற வழக்கமான ஃபைல்சிஸ்டம் போதும் என்றால் ரெய்டு கார்டு நல்ல பொருளே. கேஷுக்கு பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பேட்டரி செத்துவிட்டால் கார்டு எழுதும் கேஷைத் தானே நிறுத்திவிடும். 'சர்வர் திடீரென்று நத்தை வேகத்தில் எழுதுகிறது' என்ற புகார்களில் பலவற்றுக்குக் காரணம் இந்தப் பேட்டரிதான். எல்எஸ்ஐ சிப் உள்ள கார்டில் டிஸ்க் நிலையைப் பார்க்க ஸ்மார்ட்சிடிஎல் கட்டளைக்கு மெகாரெய்டு என்று வகையைச் சொல்லி, டிஸ்க் எண்ணையும் கொடுங்கள்.

ரெட் ஹாட் 7 நன்றாக ஓடிய சர்வரில் 8 போடப் போனால் டிஸ்க்கே தெரியவில்லை. ஏன்?

டிரைவர் கர்னலில் இருக்கிறது, ஆனால் உங்கள் கார்டின் எண்ணை ரெட் ஹாட் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஒவ்வொரு பெரிய பதிப்பிலும் பழைய கார்டுகளை அவர்கள் கழித்துக்கட்டுவது வழக்கம். 8-ஆம் பதிப்பில் 9211-8ஐ-க்குள் இருக்கும் எஸ்ஏஎஸ்2008 சிப்பும், டெல் ஹெச்310, ஹெச்700 கார்டுகளும் போய்விட்டன. அதே மெஷினில் டெபியன் போட்டால் டிஸ்க்குகள் வழக்கம்போல் வரும். பழுது ஹார்ட்வேரில் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி.

மூன்று வழிகள் உண்டு. எல்ரெப்போ என்ற சமூகக் களஞ்சியம் தரும் டிரைவர் டிஸ்க்கை இன்ஸ்டால் நேரத்திலேயே ஏற்றலாம். ஆனால் கர்னல் அப்டேட் வரும்போதெல்லாம் அதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். அல்லது ஆல்மாலினக்ஸுக்குப் போகலாம். ரெட் ஹாட் எடுத்த எண்களில் பலவற்றை அவர்கள் 9.4-இல் திரும்பச் சேர்த்தார்கள். மூன்றாவது, புது ஹெச்பிஏ வாங்குவது. பழைய 9300 கார்டின் விலையையும் உங்கள் நேரத்தின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பலருக்கு மூன்றாவதுதான் கட்டுப்படியாகும்.

ப்ராசஸர் பழசு என்பதற்காகவும் மறுக்குமா?

மறுக்கும். ரெட் ஹாட் 9 கேட்கும் குறைந்தபட்சம் எக்ஸ்86-64-வி2 என்ற ப்ராசஸர் கட்டளைத் தொகுப்பு. 2008-க்குப் பின் வந்த ஜியான்கள் அதைத் தாண்டிவிடும். 2025 மே மாதம் வந்த 10-ஆம் பதிப்பு வி3 கேட்கிறது, அதாவது ஹாஸ்வெல் தலைமுறை. பவர்எட்ஜ் ஆர்720-இல் இருப்பது அதற்கு முந்தைய தலைமுறை, அதனால் வெளியே. ஆர்730 உள்ளே. ராக்கி 10-உம் அதே கோட்டில் நிற்கிறது. ஆல்மா மட்டும் வி2-க்கென்று தனியாக ஒரு பதிப்பு தருகிறது. டெபியன் 13 இந்த வம்புக்கே போகவில்லை.

அப்படியானால் எந்த டிஸ்ட்ரோ?

ஒரு காலத்தில் யோசிக்காமல் சென்ட்ஓஎஸ் என்று சொல்லிவிடுவார்கள். 2029 வரை இருக்கும் என்று நம்பிய சென்ட்ஓஎஸ் 8-ஐ 2021 டிசம்பரோடு முடித்துக்கொள்வதாக 2020 டிசம்பரில் ரெட் ஹாட் அறிவித்தது. சென்ட்ஓஎஸ் தொடங்கியவர்களில் ஒருவரான கிரெகரி கர்ட்சர் ராக்கி லினக்ஸை அறிவித்தார். இன்னொரு பக்கம் ஆல்மாலினக்ஸ் 2021 மார்ச்சில் முதல் நிலையான பதிப்பை வெளியிட்டது. சென்ட்ஓஎஸ் 7-உம் 2024 ஜூன் 30-ஓடு முடிந்தது. அதை இன்னும் ஓட்டுபவர்கள் கணிசம், அவர்களுக்கு வேறு எதையும் சொல்லும் முன் 'மாற்றுங்கள்' என்றுதான் சொல்ல வேண்டும்.

பழைய சர்வருக்கு என் முதல் தேர்வு டெபியன். பழைய கார்டுகளை அது எளிதில் கைவிடுவதில்லை, ஒரு நிறுவனத்தின் வியாபார முடிவு அதன் ஆயுளைத் தீர்மானிப்பதும் இல்லை. ஆரக்கிள், எஸ்ஏபி போன்றவை ஓட வேண்டும் என்றால் ரெட் ஹாட் அல்லது சூசே. மென்பொருள் விற்றவர் 'இதில்தான் ஆதரவு' என்று எழுதிக் கொடுத்த பட்டியலுக்கு வெளியே போய்ப் பயனில்லை. வீட்டிலோ சிறிய அலுவலகத்திலோ ரெட் ஹாட் பழக வேண்டும் என்றால் அவர்களே 16 மெஷின் வரை இலவச டெவலப்பர் சந்தா தருகிறார்கள்.

டெபியன் இன்ஸ்டாலர் நெட்வொர்க் கார்டுக்கு ஏதோ ஃபைல் கேட்கிறதே?

நீங்கள் வைத்திருப்பது பழைய ஐஎஸ்ஓ. ஆர்710 காலத்து பிராட்காம் கார்டுகளின் டிரைவர் ஓப்பன் சோர்ஸ், ஆனால் கார்டுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் மூடிய மூலம். அதை இன்ஸ்டாலரில் வைக்க டெபியன் வெகுகாலம் மறுத்தது. 2022-இல் ஓட்டெடுப்பு நடத்தி முடிவை மாற்றிக்கொண்டார்கள். 2023 ஜூனில் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து ஃபர்ம்வேர் கூடவே வருகிறது.

ஐடிராக், ஐலோ என்பவை என்ன? லினக்ஸ் போட்டால் அவை வேலை செய்யுமா?

சர்வருக்குள் இன்னொரு சிறு கணினி இருக்கிறது. அதற்குத் தனி ப்ராசஸர், தனி மெமரி, தனி நெட்வொர்க் முகவரி எல்லாம் உண்டு. சர்வர் அணைந்திருந்தாலும், சுவரில் பிளக் இருக்கும்வரை அது விழித்திருக்கும். டெல்லில் ஐடிராக், ஹெச்பியில் ஐலோ, பொதுப்பெயர் பிஎம்சி. நீங்கள் எந்த இயங்குதளம் போட்டாலும் அதற்குக் கவலையில்லை. தூரத்திலிருந்து ஆன், ஆஃப், வெப்பநிலை எல்லாம் கிடைக்கும். ஆனால் பிரவுசரில் முழுத்திரை கன்சோல் வேண்டும் என்றால் டெல்லில் எண்டர்பிரைஸ் லைசென்ஸ், ஹெச்பியில் ஐலோ அட்வான்ஸ்டு தேவை. வாங்கும்போதே கேளுங்கள்.

லைசென்ஸ் இல்லையா, அல்லது பழைய ஐடிராக் அரதப்பழசான ஜாவா கேட்டு அழுகிறதா? லினக்ஸ்காரர்களுக்கு வழி இருக்கிறது. கர்னல் கன்சோலைச் சீரியல் போர்ட்டுக்குத் திருப்பிவிட்டு, ஐபிஎம்ஐ-டூல் மூலம் நெட்வொர்க் வழியே அந்தச் சீரியலைத் திறந்துகொள்ளலாம். கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் வரும், சர்வருக்கு அது போதும்.

பயப்பட வேண்டிய இடமும் இதுதான். ஐபிஎம்ஐ 2.0 விதிமுறையிலேயே ஓர் ஓட்டை உண்டு: யார் கேட்டாலும், உள்ளே நுழையும் முன்பே, பாஸ்வேர்டின் ஹாஷை எடுத்துக் கொடுத்துவிடும். விதிமுறையே அப்படி என்பதால் ஃபர்ம்வேர் அப்டேட் அதை அடைக்காது. ஐலோ 4-இல் 2.53-க்கு முந்தைய ஃபர்ம்வேர்களின் கதை இன்னும் மோசம். இணையக் கோரிக்கையின் ஒரு தலைப்பில் 'ஏ' என்ற எழுத்தை 29 முறை அனுப்பினால் பாஸ்வேர்டே கேட்காமல் கதவு திறந்துவிடும். 2021-இல் ஐலோ ஃபர்ம்வேருக்குள்ளேயே ஒளிந்திருந்து டிஸ்க்குகளைத் துடைத்த ரூட்கிட் ஒன்றும் வெளிச்சத்துக்கு வந்தது. மேலே ஓடும் லினக்ஸை எவ்வளவு இறுக்கிப் பூட்டினாலும், கீழே இருப்பவனிடம் வேறு சாவி இருந்தால் பிரயோஜனமில்லை.

ஆகவே முதல் வேலை பிஎம்சி ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பது, டெல்லில் ஊரறிந்த 'ரூட், கால்வின்' என்ற பயனர்பெயர், பாஸ்வேர்டு ஜோடியை மாற்றுவது. பிஎம்சி போர்ட்டைத் தனி விலான் (பிரித்துவைத்த நெட்வொர்க்) ஒன்றில் அடைத்துவையுங்கள், இணையத்தைக் காட்டவே கூடாது. சூப்பர்மைக்ரோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை: பிஎம்சியின் தனி போர்ட்டில் கேபிள் இல்லாவிட்டால் அது தானாகவே முதல் லேன் போர்ட்டில் போய் ஒட்டிக்கொள்ளும்படி அமைத்திருப்பார்கள். கேபிளே மாட்டவில்லை, அதனால் பாதுகாப்பு என்று நினைத்திருப்பீர்கள். அது உங்கள் பொது முகவரிப் பக்கம் நின்றுகொண்டிருக்கும்.

பயாஸ், ஃபர்ம்வேர் அப்டேட்டுக்கு விண்டோஸ் வேண்டுமா?

வேண்டாம். டெல்லில் லைஃப்சைக்கிள் கன்ட்ரோலர் வழியாகவோ ஐடிராக் பக்கத்திலோ ஃபைலை ஏற்றினால் போதும், இறக்கிக்கொள்ளத் தடையும் இல்லை. ஹெச்பி கதை வேறு. 2014 பிப்ரவரியிலிருந்து சிஸ்டம் ரோம், ப்ரோலையன்ட் சர்வீஸ் பேக் இரண்டுக்கும் வாரண்டியோ ஒப்பந்தமோ கேட்கிறார்கள். ஐலோ ஃபர்ம்வேர் மட்டும் இலவசமாகவே கிடைத்துவந்தது. பழைய ப்ரோலையன்ட் வாங்குகிறவர் கடைசி ரோம் ஏற்கெனவே ஏறியிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. இரண்டும் ஒரே விலை என்றால் நான் டெல் பக்கம் சாய்வதற்கு இது ஒன்றே காரணம்.

ஸ்டோரேஜ் பெட்டியிலிருந்து கழற்றிய எஸ்ஏஎஸ் (சர்வர் வகை) டிஸ்க் தெரிகிறது, ஆனால் அளவு பூஜ்ஜியம் என்கிறது.

நெட்ஆப், ஈஎம்சி பெட்டிகளில் இருந்தவை 520 பைட் செக்டாராக ஃபார்மேட் ஆகியிருக்கும். லினக்ஸ் எதிர்பார்ப்பது 512 அல்லது 4096. எஸ்ஜி3-யூட்டில்ஸ் தொகுப்பில் உள்ள எஸ்ஜி-ஃபார்மேட் மூலம் 512-க்கு மாற்றலாம். டிஸ்க் பெரிதென்றால் பல மணி நேரம் ஆகும், நடுவில் கரண்ட் போகக் கூடாது. ரெய்டு கார்டுக்குப் பின்னால் இருந்துகொண்டு இதைச் செய்ய முடியாது, ஹெச்பிஏ வேண்டும்.

இரண்டு டிஸ்க்கில் மிரர் போட்டேன். முதலாவதைக் கழற்றினால் பூட் ஆகவில்லையே?

யுஇஎஃப்ஐ பூட் பகுதி ஃபேட் ஃபைல்சிஸ்டம். மென்பொருள் மிரர் வழக்கமாக அதைத் தொடுவதில்லை. உங்கள் தரவு இரண்டு டிஸ்க்கிலும் இருக்கும், பூட்லோடர் ஒன்றில்தான் இருக்கும். இரண்டாவது டிஸ்க்கிலும் அதே அளவில் ஒரு பூட் பகுதி உண்டாக்கி, பூட்லோடரை அங்கேயும் நிறுவி, ஃபர்ம்வேரின் பூட் பட்டியலில் சேருங்கள். ஒரே சர்வரில் பல விஎம்களை (மெய்நிகர் கணினிகளை) ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸில் இதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. புதிய பவர்எட்ஜ்களில் பாஸ் என்று ஒரு சிறு கார்டு வருகிறது. இரண்டு எம்.2 டிஸ்க்குகளை ஹார்ட்வேரிலேயே மிரர் செய்து ஒன்றாகக் காட்டிவிடும், இந்தத் தலைவலி இல்லை. சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

விஎம்வேரை விட்டு ப்ராக்ஸ்மாக்ஸுக்கு வரலாமா?

2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கி முடித்து, அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனையை நிறுத்தியதிலிருந்து பலர் வந்துகொண்டிருக்கிறார்கள். 2024-இல் நிறுத்திய, விஎம்வேரின் விஎம் ஓட்டும் தளமான இலவச ஈஎஸ்எக்ஸ்ஐயை 2025 ஏப்ரலில் திரும்பக் கொண்டுவந்தார்கள், ஆனால் போனவர்கள் போனவர்கள்தான். ப்ராக்ஸ்மாக்ஸ் டெபியன் மேல் நிற்பது, அதனால் ஈஎஸ்எக்ஸ்ஐ புதுப் பதிப்பு ஏற்க மறுத்த பழைய சர்வரும் இதில் ஓட வாய்ப்பு அதிகம். மாற்றும்போது விண்டோஸ் விஎம்களில் மெய்நிகர் டிஸ்க்கைப் புரிந்துகொள்ளும் விர்ட்ஐஓ டிரைவரை முன்கூட்டியே போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் பூட்டிலேயே நீலத்திரைதான்.

ஃப்ரீபிஎஸ்டியா, லினக்ஸா?

ஃபைல் சர்வர், ஃபயர்வால் என்றால் ஃப்ரீபிஎஸ்டி. இசட்எஃப்எஸ் அதன் அடிப்படையிலேயே இருக்கிறது. லினக்ஸில் லைசென்ஸ் பொருந்தாததால் கர்னலுக்கு வெளியே தனி மாட்யூலாக ஓட்ட வேண்டியிருக்கிறது. 2020-இல் வந்த ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.0-க்குப் பின் மூலநிரல் இரண்டுக்கும் ஒன்றுதான். டாக்கர், ஜிபியு, ஏதோ ஒரு நிறுவனத்தின் பேக்கப் ஏஜென்ட் என்று பட்டியல் நீண்டால் லினக்ஸ்.

ஃபேன் ஜெட் விமானம்போல் கத்துகிறதே?

1யு (ரேக்கில் ஓர் அடுக்கு உயரம்) பெட்டி என்றால் அப்படித்தான், விரல் நீளமே உள்ள ஃபேன் வேகமாகச் சுற்றித்தான் ஆக வேண்டும். வீட்டுக்கு 2யு அல்லது டவர் எடுங்கள். டெல்லில் வேற்று நிறுவனக் கார்டைச் செருகினால், அதன் வெப்பம் தெரியாததால் பிஎம்சி ஃபேனைத் தூக்கிவிடும். ஐபிஎம்ஐ கட்டளையால் அடக்கும் வித்தை 13-ஆம் தலைமுறை வரை பலிக்கும், 14-இல் பின்னால் வந்த ஐடிராக் ஃபர்ம்வேர்கள் அதை மூடிவிட்டன.

கரண்ட் கணக்கையும் போட்டுப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 150 வாட் இழுக்கும் சர்வர் வருஷத்துக்கு 1,314 யூனிட் தின்னும். வீட்டு மீட்டரில் அது மேல் ஸ்லாபில் போய் விழும். மூன்று வருஷ பில்லைக் கூட்டினால், சில பேருக்கு இரண்டு தலைமுறை புதிய சர்வரே மலிவாக வரும். சதுர அலை இன்வெர்ட்டரில் இந்த பவர் சப்ளைகளை மாட்டாதீர்கள், சைன் அலை யுபிஎஸ் வேண்டும்.

எல்லாம் ஓடுகிறது. பிறகு என்ன கவனிப்பது?

நான்கு விஷயங்கள் மின்னஞ்சலாக வந்துசேர வேண்டும்: மிரர் உடைந்தால் எம்டிஏடிஎம் அல்லது இசட்எஃப்எஸ் சொல்லும் சேதி, டிஸ்க் பற்றி ஸ்மார்ட்டி சொல்வது, ஈசிசி பிழைகளை ராஸ்டீமன் எண்ணுவது, பவர் சப்ளை, ஃபேன் பற்றி பிஎம்சி அனுப்புவது. ஈசிசி திருத்திய பிழை ஒன்றிரண்டு வந்தால் குறித்துவைத்தால் போதும். ஒரே ஸ்லாட்டில் தினமும் கூடிக்கொண்டே போனால் அந்த மெமரியை மாற்றிவிடுங்கள், திருத்த முடியாத பிழையாகி மெஷின் நின்றுபோவதற்கு முன்னால்.

இரண்டு பவர் சப்ளையில் ஒன்று செத்து மாதக்கணக்காக யாரும் கவனிக்காத சர்வர்கள் ஏராளம். பின்பக்கம் எரியும் அந்த ஆரஞ்சு விளக்கைப் பார்க்க ரேக் பின்னால் யாரும் போவதில்லை, அதனால் அந்த மின்னஞ்சல் உண்மையிலேயே வருகிறதா என்று ஒரு கேபிளைப் பிடுங்கிச் சோதித்துவிடுங்கள்.